இரும்புக் கரடி கரையேறிய கதை

செய்தி ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. என் மகன் வேலைச் சட்டை மாட்டிக்கொண்டே ஃபோனைப் பார்த்தான்.

"பக்கத்து வீட்டுப் பையன் தவறிட்டானாம்மா. வேலை இடத்துலயே நெஞ்சு வலி."

பையன் என்றுதான் சொன்னான். அவனுக்கும் என் மகனைப் போல நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்து வீடு என்றால் இங்கே, இந்தக் குளிர் நாட்டில், கிளென்ஃபீல்டில் இல்லை. மலேசியாவில் நாங்கள் இருந்த நாலு மாடி ஃப்ளாட்டில், மூன்றாவது மாடியில், எங்கள் கதவுக்கு அடுத்த கதவு.

"போறியாப்பா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

அவ்வளவுதான். வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டைச் சூடாக்குகிற ஹீட் பம்ப் மாட்டுகிற வேலை அவனுக்கு. குளிர்காலத்தில் ஒரு நாள் லீவு எடுக்க முடியாது. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மெஷினிலிருந்து துணியை எடுத்துக் கராஜில் காயப்போட்டேன். இங்கே மழை விடுகிற மாதிரி விட்டு மறுபடி வரும். வெளியே போட்டால் மூன்று நாளானாலும் காயாது.

அன்று சாயங்காலம் சமையலறையில் நின்று கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் ஒரு பாட்டு வந்தது. மலாய்ப் பாட்டு, சின்னப் பிள்ளைகள் கூட்டமாகப் பாடுகிற பாட்டு. கை கத்தியோடு நின்றுவிட்டது. முப்பது வருசத்துக்கு மேல் ஆயிற்று அதைக் கேட்டு. போய்ப் பார்த்தேன். டிவியில் இரும்புக் கரடி நின்றது. அதன் தோளில் அந்தச் சிவப்புத் தொப்பிப் பையன்.

"யாரோ பழைய டேப்புலருந்து எடுத்துப் போட்டிருக்காங்கம்மா. அம்பத்திரண்டு பாகமும் இருக்கு. அதே மலாய், அதே குரல்" என்றான் என் மகன். அவன் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. சோபாவில் இந்தப் பக்கம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டான். நான் உட்கார்ந்தேன்.

அது ஜப்பான்காரன் எடுத்த கார்ட்டூன் படம். பேச்சு மட்டும் மலாயில் போட்டிருப்பார்கள். அந்தத் தொப்பிப் பையனுக்குப் பேசுவது ஒரு பெரிய பொம்பளை. எவ்வளவு சின்னக் குரலில் பேசினாலும் அது தெரிந்துவிடும். வாய் மூடின பிறகும் பேச்சு வந்துகொண்டிருக்கும். கெட்டவன் சிரித்தால் பக்கத்து பிளாக் வரைக்கும் கேட்கும். சிரித்து முடித்துவிட்டு "தாக் குணா" என்று திட்டுவான். உதவாக்கரை என்று அர்த்தம். எங்கள் ஃப்ளாட்டில் அப்போது எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையைத் திட்டினாலும் அந்த வார்த்தைதான். படியில் ஏறும்போதே கேட்கும். "டேய் தாக் குணா, பந்தைப் போடுடா."

எனக்கு மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி. இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். மலாய் எனக்குச் சந்தையில் பேசுகிற அளவுக்குத்தான் தெரிந்திருந்தது. இந்தக் கார்ட்டூனில் வருகிற மலாய் வேறு மாதிரி. செய்தி வாசிக்கிற மலாய். ஒரு வார்த்தை முழுங்க மாட்டார்கள். தினமும் கேட்டுக் கேட்டு எனக்கும் அது வாயில் வந்துவிட்டது. ஃபேக்டரியில் சூப்பர்வைசர் மலாய்க்காரம்மா ஒரு நாள் என்னைப் பார்த்து, "அக்கா, இவ்வளவு நல்ல பேச்சு யார் சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டாள். கரடி சொல்லிக்குடுத்தது என்று நான் சொல்லவில்லை. "எல்லாம் தானா வரும்" என்றேன். எனக்கு அப்படித்தான் பதில் வரும்.

நான் அந்தக் கார்ட்டூன் பார்த்ததற்குக் காரணம் என் மகனுடைய ஸ்கூல். தமிழ்ப் பள்ளி முடித்துப் பெரிய ஸ்கூல் போகிற பிள்ளைகளை மலாய் பழகுவதற்காக முதல் வருசம் புகுமுக வகுப்பில் போடுவார்கள். அது மத்தியான ஸ்கூல். ஒரு மணிக்குப் பஸ் ஏறினால் வீட்டுக்கு வர ஏழாகிவிடும். கார்ட்டூன் ஐந்து மணிக்கு. முதல் வாரம் அவன் சோறு சாப்பிடாமல் அழுதான். பதிமூன்று வயசுப் பையன். எங்கள் வீட்டில் படத்தைப் பதிவு பண்ணுகிற டேப் மெஷின் கிடையாது. நான் சொன்னேன், "அழாதே. நான் பார்த்து வச்சு உனக்குச் சொல்றேன்."

சொன்னால் செய்ய வேண்டும். காலை ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்கு வீடு வருவேன். முகம் கழுவி, காய்கறியை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அவர், என் வீட்டுக்காரர், லாரி ஓட்டப் போனால் வாரம் கழித்துத்தான் வருவார். ஏழு மணிக்கு மகன் வந்து சட்டைகூடக் கழற்றாமல் உட்கார்வான். தட்டில் சோற்றைப் போட்டு, அன்றைய கதையைத் தமிழில் சொல்லுவேன். கரடி எப்படி நடந்தது, எப்படி மலையைப் பிடித்து ஏறியது, எல்லாம் கையால் காட்டிச் சொல்லுவேன். ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சல் வந்த அன்றும் விட்டதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. சரியாக எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை, மலாயில் கேட்டதைத் தமிழில் சொல்லிப் பிள்ளையைச் சாப்பிட வைக்கிறாளே என்று நானே என்னை நினைத்துக்கொள்வேன்.

என்னோடு சேர்ந்து பார்க்க அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் வருவான். அவன் வேறு ஸ்கூல், காலை ஸ்கூல். அவர்கள் வீட்டில் டிவி இல்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, "அத்தை, ஆரம்பிச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்து, தரையில் ஃபேனுக்கு முன்னால் உட்கார்வான். அவனும் என் மகனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டு. அவனுக்கு எங்கள் டிவி, என் மகனுக்கு அவனுடைய சைக்கிள். அப்படி ஓடிக்கொண்டிருந்தது.

டிவியில் வருகிற மலாய் எழுத்தில் இரண்டு வார்த்தை எனக்கு உருவம் தெரியும். தொடரும் என்பதற்குப் "பெர்சம்புங்" என்று வரும், நீளமாக இருக்கும். முடிந்தது என்பதற்குத் "தமாத்". அது குட்டையாக இருக்கும்.

கடைசி நாள் அன்று ஃபேக்டரியில் ஆள் குறைச்சல். இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்துவிட்டு வந்தேன். பாட்டு முடிகிற வரைக்கும் நினைவு இருக்கிறது. பிறகு கண்ணைத் திறந்தேன். திரையில் குட்டை வார்த்தை நின்றது. தமாத்.

பையன் எழுந்து, "வரேன் அத்தை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனிடமே கேட்டிருக்கலாம். என்னடா ஆச்சு கடைசியில், நான் தூங்கிவிட்டேன் என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு வாய் வரவில்லை.

ஏழு மணிக்கு என் மகன் படியில் ஓடி வந்தான். செருப்புச் சத்தம் மூன்று மாடியும் கேட்டது. "மா, கரடி என்னாச்சு?"

முந்தின நாள் கதை எனக்குத் தெரியும். அணை உடையப் போகிறது. கரடி தன் முதுகை வைத்து அடைத்துக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. நான் தட்டில் சோற்றைப் போட்டேன். மீன் குழம்பை ஊற்றினேன். சொன்னேன். தண்ணீர் கரடியை மூடிவிட்டது. ஊர் ஜனம் எல்லாம் அழுதது. மறுநாள் வெயில் வந்ததும் சேற்றுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. கரடி எழுந்து கரைக்கு நடந்து வந்தது. தலையெல்லாம் பச்சைப் பாசி, பாட்டி முடி மாதிரி தொங்கியது. தொப்பிப் பையன் சிரித்துச் சிரித்து அந்தப் பாசியை எடுத்துவிட்டான்.

என் மகன் சோற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தான். பாசி, பாசி என்று படுக்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் கீழே சைக்கிள் கொட்டகையில் சண்டை. நான் ஓடுவதற்குள் யாரோ இரண்டு பேரையும் பிரித்து மேலே கூட்டி வந்துவிட்டார்கள். அந்தப் பையனுக்கு உதடு கிழிந்து ரத்தம். அவன் அம்மா, நான் அக்கா என்று கூப்பிடுவேன், கதவில் நின்றாள். நாலு வீட்டு ஜனம் காரிடரில் நின்றது.

"கரடி செத்துப்போச்சு, வரவே இல்லன்னு பொய் சொல்றான்மா. எங்கம்மாவுக்குத் தெரியும்னு சொன்னா, நீங்க தூங்கிட்டீங்களாம். உங்கம்மா பார்க்கவே இல்லடா, சும்மா கதை விடுறாங்கங்கிறான்" என்றான் என் மகன். மூச்சு வாங்கியது அவனுக்கு.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு. என்ன நடந்துச்சு? இவன் சொல்றது நிஜமா?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்தப் பையனும் பார்த்தான்.

"நான் எதுக்குத் தூங்கப்போறேன்?" என்றேன்.

அக்கா உள்ளே போய் ரோத்தானை எடுத்து வந்தாள். அங்கே எல்லார் வீட்டிலும் ஒரு பிரம்பு இருக்கும், அதற்கு அந்தப் பெயர்தான். எல்லார் முன்னாலும் அவன் காலில் அடித்தாள். அவங்க வீட்டுல போய் டிவி பார்த்துட்டு அவங்களைப் பத்தியே பொய் சொல்றியா என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். மூன்று அடி. மூன்று கோடு. அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். அத்தோடு சரி.

சின்னப் பிள்ளைகள் சண்டை, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அவன் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. என் மகன் படியில் ஏறினால் அவன் ஒதுங்கி நின்று வழி விட்டுவிட்டுத்தான் இறங்குவான். பிறகு நாங்கள் வீடு மாறினோம். மகன் படித்தான், இந்த நாட்டுக்கு வந்தான், வீட்டுக்காரர் தவறின பிறகு என்னையும் கூப்பிட்டுக்கொண்டான். அவன் கல்யாணத்துக்கு அந்தப் பையனைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். "மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னவன்லாம் வேணாம்மா" என்றான். நான் பத்திரிகைக் கட்டை எடுத்து உள்ளே வைத்தேன்.

இப்போது என் மகன் முதல் பாகத்திலிருந்து ஆரம்பித்துவிட்டான். ஒரு நாளைக்கு இரண்டு. கடைசிக்குத் தாவ மாட்டான். எந்த மெஷினையும் ஒழுங்காகப் பிரித்து ஒழுங்காகப் பூட்டுகிறவன். ஐந்து மணிக்கு வேன் சத்தம் கேட்கும். கை கழுவிவிட்டு உட்கார்வான். நானும் உட்கார்வேன். இங்கே ஐந்து மணி என்றால் அங்கே ஒரு மணி. அவன் ஸ்கூல் பஸ் ஏறுகிற நேரம்.

என் மருமகள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முதியோர் இல்லத்தில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்து கையில் சாவியோடு நின்று எங்களைப் பார்ப்பாள்.

"மாமி, உங்கட மகனுக்கு என்ன நடந்தது? தினமும் இந்த இரும்புக் கரடியோ?"

"பார்க்கட்டும் விடு" என்றேன்.

"நீங்களும் சேர்ந்தெல்லோ பார்க்கிறியள். இரண்டு பேரும் சிரிக்கிறதும் இல்லை. இல்லத்தில என்ர கிழடுகள்கூட இதைவிடச் சத்தமாப் பார்க்குங்கள்."

பத்து முடிந்தது. இருபது முடிந்தது. கரடி மலை ஏறுகிற இடம் வந்தது, நான் சொன்ன மாதிரியேதான் இருந்தது. "நீங்க சொன்னதுல ஒண்ணுகூட மாறலம்மா" என்றான் மகன். நாற்பதில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சோற்றைத் தட்டில் வைத்து அப்படியே மூடி வைத்தேன். மரத்துப்போன காலில் நிற்கிற மாதிரி இருந்தது. நிற்கிறோம் என்று தெரியும், தரை தெரியாது.

மருமகள் கண்டுபிடித்துவிட்டாள். மூடி வைத்த தட்டைத் திறந்து பார்த்தாள். நான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். எனக்கே ஆச்சரியம். நான் யாரிடமும் தலை குனிந்தவள் இல்லை.

முதலில் அவள் சிரித்தாள். "ஒரு பொம்மைப் படத்துக்கோ மாமி இவ்வளவு நாளும்?" பிறகு ரோத்தான் அடியைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினாள். "இவருக்குத் தெரியாதோ?"

"தெரியாது."

"ஓம், இன்னும் ஒரு கிழமையில தெரிஞ்சிடும். படம் சொல்லி அறியிறதைவிட நீங்கள் சொல்லி அறியட்டும். நான் ஒண்டும் கதைக்க மாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்."

ஒரு வாரம் போனது. தினமும் இன்றைக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். தினமும் பெர்சம்புங் வந்தது.

கடைசி நாளும் வந்தது. வெளியே மழை. பாட்டு ஓடியது. நான் சொன்னேன், "நிறுத்துப்பா."

நிறுத்தினான். கரடி பாதி நடையில் ஒரு காலைத் தூக்கினபடி நின்றது.

"அன்னிக்கு நான் தூங்கிட்டேன்."

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "எங்கேருந்து எதுவரைக்கும்?" ரிப்பேருக்குப் போன வீட்டில் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"இந்தப் பாட்டு முடிஞ்சதுலருந்து. எழுந்தப்ப தமாத் போட்டிருந்துச்சு."

"அவன் பார்த்தானா?"

"பார்த்தான். கீழ உட்கார்ந்திருந்தான்."

"உங்கள எழுப்பலையா?"

"எழுப்பல." இதை மருமகளிடம்கூட நான் சொல்லவில்லை. "நான் எழுந்தப்ப ஃபேன் என் பக்கம் திரும்பியிருந்துச்சு. அவன்தான் திருப்பி வச்சிருக்கணும். அவன் சட்டையெல்லாம் வேர்வை."

என் மகன் ரிமோட்டை எடுத்தான். படத்தை ஓடவிட்டான். பார்த்தோம். தண்ணீர் கரடியை மூடியது. ஊர் ஜனம் மேட்டில் நின்றது. தொப்பிப் பையன், அந்தப் பெரிய பொம்பளையின் குரலில், கரடியின் பெயரை ஒரு தடவை சொன்னான். வெயில் வந்தது. தண்ணீர் சும்மா கிடந்தது. ஒன்றும் எழுந்து வரவில்லை. தமாத்.

"அப்ப பாசி?" என்றான்.

"நான் போட்டது."

"நல்லாயிருந்துச்சு அது." டிவியை அணைத்தான். "தூங்கிட்டேன்னு சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன்மா. அவனும் சிரிச்சிருப்பான்."

"அவங்கம்மா நம்பர் யார்கிட்டயாவது இருக்குமா?" என்று பிறகு கேட்டான்.

சனிக்கிழமை பேசினோம். மருமகள் நம்பரைப் போட்டு ஃபோனை மேசையில் வைத்தாள். அக்கா குரல் மாறவே இல்லை, பேச்சில் அந்த மலேசிய 'லா'வும் மாறவில்லை. அங்கே வெயில் எப்படி, இங்கே குளிர் எப்படி என்று முதலில் பேசினாள். தவறின அவள் மகனைப் பற்றி நானாகக் கேட்கிற வரைக்கும் அவள் பேசவில்லை. கேட்டேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"அக்கா, உன் மகன் அன்னிக்குப் பொய் சொல்லல. நான்தான் தூங்கினேன். நாலு பேர் முன்னாடி தூங்கலன்னு சொன்னேன்."

"என்னிக்கு?"

"கார்ட்டூன் சண்டையில. கரடி படம். நீ ரோத்தானை எடுத்து அடிச்சியே."

அந்தப் பக்கம் எங்கேயோ டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. "எனக்கு ஞாபகம் இல்லலா" என்றாள். "எத்தனையோ தடவை அடிச்சிருக்கேன். எதுக்குன்னு எவ கண்டா? அவனைத் தூக்குற அன்னிக்கு அவன் கால நான்தான் கழுவிவிட்டேன். ஒரு தழும்பு இல்ல. சுத்தமா இருந்துச்சு."

என் மகன் மேசைப் பக்கம் குனிந்தான். "அத்தை, நான் பேசுறேன்" என்றான்.

"யாரு, தம்பியா? நல்லாயிருப்பா. உலை கொதிக்குது, நான் வைக்கிறேன்" என்று அக்கா வைத்துவிட்டாள்.

மன்னித்தாளா, கோபப்பட்டாளா, எனக்குத் தெரியாது. இரண்டும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். மகன் எழுந்து போய் வேனில் உட்கார்ந்தான். ஜன்னலில் தெரிந்தது. ஸ்டார்ட் பண்ணவில்லை. வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்தது. மருமகள் என் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். நான் சாப்பிட்டேன். ருசி ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இறங்கியது.

அதற்குப் பிறகும் ஐந்து மணிக்கு அவன் வந்து சோபாவில் உட்கார்கிறான். டிவி போடுவதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். பெரும்பாலும் பேச்சு இருக்காது. நேற்று மட்டும் கேட்டான்.

"கரடி முழுகினப்ப அவன் அழுதானாம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அழுதான், சட்டையில் மூக்கைத் துடைத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவன் அப்படியே நம்பியிருப்பான். கத்தியைக் கீழே வைத்தேன்.

"தெரியலையேப்பா. நான் தூங்கிட்டுத்தானே இருந்தேன்."